கடலடி வளைகளைச் சத்தம் வைத்துப் படிப்பது எப்படி?

சத்தத்தை அனுப்பி எதிரொலியைப் படமாக்கும் சோனார் திரையில் நான் முதன்முதலாகக் கண்டுபிடித்த விலங்கு வளை ஒரு லாரி டயர். கறுப்பாக ஒரு வட்டம், ஓரத்தில் வெள்ளை விளிம்பு, அளவும் தேடிப்போன அளவுக்குக் கிட்டத்தட்ட. நோட்டில் நேரம், இடம் எல்லாம் எழுதி, ‘நிச்சயம்’ என்று போட்டு அடிக்கோடும் இட்டாயிற்று. மறுநாள் கயிற்றில் கேமராவை இறக்கினால், டயரின் நடு ஓட்டையில் ஒரு மீன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வகையில் அதுவும் வளைதான். நான் தேடிய வளை அல்ல, அவ்வளவே.

அந்த அடிக்கோட்டை நீங்கள் போடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். கடலியலோ விலங்கியலோ படிக்கும் மாணவராக இருக்கலாம், படகும் மீன் தேடும் கருவியும் கையில் இருப்பவராக இருக்கலாம். இயற்பியல் பட்டம் எல்லாம் தேவையில்லை. பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

கடற்கரை மணலில் நண்டு வளையைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு ஓட்டை, பக்கத்தில் நண்டு வாரி எறிந்த மணல். கடலடியிலும் இதே வேலை நடக்கிறது, ஆனால் பல மடங்கு. புழு, இறால், நண்டு, மட்டி, மீன் என்று ஆளாளுக்குத் தோண்டுகிறார்கள். அடிச்சேறு மேலே வருகிறது. மேல்நீர் தன் ஆக்சிஜனோடு உள்ளே போகிறது. இதைக் கேமராவால் பார்க்கலாம். ஆனால் கலங்கிய நீரில் கேமரா ஒரு முழத்துக்கு அப்பால் குருடு. சத்தத்துக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஒன்றை மட்டும் இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் வளையைக் காட்டுவதில்லை. வளை தோண்டியதால் தரையின் மேடுபள்ளம் மாறியிருக்கும், சேற்றின் அடர்த்தி மாறியிருக்கும், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் வந்திருக்கும். அந்த மாற்றங்களைத்தான் எதிரொலி சொல்லும். அங்கிருந்து வளைக்குப் போய்ச் சேர்வது உங்கள் வேலை.

படி 1: எந்த உயிரி, என்ன கேள்வி?

கருவி வாங்குவதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதுங்கள். உயிரியின் பெயர், வளை வாயின் அகலம், வெளியே குவித்திருக்கும் மண்ணின் உயரம், வளையின் ஆழம்.

இந்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வட அட்லாண்டிக் சேற்றில் வாழும் நார்வே சிங்கி இறாலின் வளை வாய் உள்ளங்கை அகலம். ஆழம் பெரும்பாலும் 20, 30 சென்டிமீட்டர். கோஸ்ட் ஷ்ரிம்ப் எனப்படும் வளை இறாலுக்கு வாய் சில மில்லிமீட்டர்தான், ஆனால் சில இனங்களின் சுரங்கம் ஒரு மீட்டருக்கும் கீழே போகும். வெளியே சின்ன எரிமலை போலக் குவியல் நிற்கும். லக்வார்ம் என்ற கடற்புழு ஒரு பக்கம் குழிவும் மறுபக்கம் சேமியா பிழிந்தது போன்ற மண்சுருளும் வைத்திருக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஆழத்தில் வாழும் டைல் மீனோ, ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் புனல் வடிவக் குழி தோண்டும்.

கேள்வியும் நான்கு வகையாகப் பிரியும். எங்கே இருக்கின்றன? எத்தனை? எப்போது வேலை செய்கின்றன? உள்ளே என்ன இருக்கிறது? ஒரே கருவி நான்குக்கும் பதில் சொல்லாது. ‘எல்லாம் வேண்டும்’ என்று எழுதிக்கொண்டு கடலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் எதுவும் இல்லாமல்தான் திரும்புவார்கள்.

படி 2: அலைநீளக் கணக்கு

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 10 கிலோஹெர்ட்ஸுக்கு 15 சென்டிமீட்டர். 100 கிலோஹெர்ட்ஸுக்கு 1.5 சென்டிமீட்டர். 400 கிலோஹெர்ட்ஸுக்கு 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அலைநீளத்தைவிடச் சிறிய பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதானே? அங்கேதான் அடிமண் குறுக்கே நிற்கிறது. மணலுக்குள் ஒலி ஒரு மீட்டர் போவதற்குள், ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸுக்கும் அரை டெசிபெல் வரை இழக்கும். 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 5 டெசிபெல், தாங்கலாம். 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 50 டெசிபெல், திரும்பி வரும்போது இன்னொரு 50. அனுப்பியதில் ஒன்றும் மிஞ்சாது. மெல்லிய சேற்றில் இழப்பு இதைவிட நன்றாகக் குறைவு, அது ஒரு ஆறுதல். மொத்தத்தில் நுணுக்கமாகப் பார்க்கும் ஒலி உள்ளே போகாது. உள்ளே போகும் ஒலி நுணுக்கமாகப் பார்க்காது. இந்தத் துறையில் எல்லாப் பேரமும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இன்னும் இரண்டு கணக்கு. ஒன்று, ஒலிக்கற்றையின் அகலம். ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை 40 மீட்டர் தூரத்தில் 70 சென்டிமீட்டர் விரிந்திருக்கும். 3 மீட்டரில் 5 சென்டிமீட்டர்தான். கிட்டப் போனால் தெளிவு என்பது இதனால்தான். இரண்டாவது, ஆழத்திசையில் இரண்டு பொருள்களைப் பிரிக்கும் திறன். அது அதிர்வெண்ணைவிட, எத்தனை கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒலியை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்றால் 7.5 சென்டிமீட்டர், 100 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்றால் 7.5 மில்லிமீட்டர். விற்பவர்கள் முதல் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு இதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள்.

படி 3: சேற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்

சோனார் இறங்கும் இடத்தில் ஒரு பிடி மண்ணாவது எடுக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். கிராப் என்ற கிள்ளுவாய்க் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் குத்தி எடுத்தாலும் சரி. பார்க்க வேண்டியவை: மணலா சேறா, சிப்பித்துண்டு எவ்வளவு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா, குழாயை வெளியே எடுத்ததும் குமிழி வருகிறதா.

குமிழிதான் முதல் எதிரி. அழுகும் சேற்றில் மீத்தேன் குமிழிகள் தங்கியிருக்கும். ஒலிக்கு அது சுவர் மாதிரி. அடிமண்ணைப் பார்க்கும் சோனாரில் அந்த இடம் முழுக்க ஒரே கலங்கலாக, திரை போட்டதுபோல் வரும். அதற்குக் கீழே என்ன இருந்தாலும் தெரியாது. திறனை ஏற்றிப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள்.

குமிழி இல்லாவிட்டாலும் ஒரு சங்கடம் உண்டு. வளைக்குள் இருப்பது நீர். வளையைச் சுற்றி இருப்பதோ பாதிக்கு மேல் நீரே உள்ள சேறு. ஒலி திரும்புவதற்கு இரண்டுக்கும் இடையே அடர்த்தியிலோ வேகத்திலோ வேறுபாடு வேண்டும். மெல்லிய சேற்றில் ஒலியின் வேகம் நீரைவிடக் கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கும்; அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம் என்று வைத்தால், எல்லையில் அலையின் அழுத்தத்தில் 15 சதவீதம்தான் திரும்புகிறது. மணல் என்றால் 40 சதவீதத்துக்கு அருகில். அதாவது சேற்றுக்குள் நீர் நிரம்பிய ஓட்டை என்பது ஒலிக்கு ஒரு மங்கல். ஆனால் அதே சேற்றில் ஒரு மட்டியின் ஓடு பளிச்சென்று தெரியும். ஓடு தெரியும், ஓட்டை தெரியாது.

2022ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சகாமி விரிகுடாவின் ஆழ்கடல் தரையில் ஒரு சட்டத்தை இறக்கி, குவித்த மீயொலியை வரிவரியாக நகர்த்தி, மண்ணுக்குள் புதைந்திருந்த மட்டிகளை இருந்த இடத்திலேயே முப்பரிமாணமாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். அருமையான வேலை. அவர்கள் படம் பிடித்தது சுண்ணாம்பு ஓடு உள்ள உயிரிகளை என்பதையும் கவனியுங்கள். மெல்லுடல் புழுவின் காலி வளையை அதே தெளிவில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

படி 4: தொட்டியில் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். தாண்டாதீர்கள், ஒரு வாரம் போதும், செலவும் பெரிதில்லை.

அரை மீட்டர் ஆழமாவது உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் 20 சென்டிமீட்டர் சேறு, மேலே கடல்நீர். சேற்றை நீருக்கு அடியில் வைத்தே கையால் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். மாவு பிசைவதுபோல் அவசரமில்லாமல், குமிழி வருவது நிற்கும்வரை. பிறகு மூன்று நான்கு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கரையிலிருந்து வாளியில் கொண்டுவந்த சேற்றை அன்றைக்கே சோதித்தால், நீங்கள் பார்ப்பது முழுக்கக் காற்றின் எதிரொலிதான்.

இப்போது இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டுகளைப் படுக்கைவாட்டில் புதையுங்கள். ஒன்று நீர் நிரப்பி. இன்னொன்று இரு முனையும் அடைத்துக் காற்றோடு. மேலிருந்து ஒலியை அனுப்பிப் பாருங்கள். காற்றுக் குழாய் திரையில் கோடு கிழித்ததுபோல் நிற்கும். நீர்க் குழாயைத் தேட வேண்டியிருக்கும். நான் முதல் தடவை செய்தபோது எந்த இடத்தில் புதைத்தேன் என்று தெரிந்திருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. குழாயை வெளியே எடுத்துவிட்டு, இருந்தபோது எடுத்த பதிவையும் இல்லாதபோது எடுத்த பதிவையும் கழித்துப் பார்த்த பிறகுதான் மங்கலாக ஒரு நிழல் வந்தது. கழித்துப் பார்ப்பது என்ற இந்த வித்தை பின்னால் படி 7ல் மறுபடி வரும்.

தொட்டியின் சுவரிலிருந்தும் நீர் மட்டத்திலிருந்தும் எதிரொலி வந்து குழப்பும். எந்த எதிரொலி எத்தனை மைக்ரோநொடியில் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: படகில் போவது

‘எங்கே, எத்தனை’ என்ற கேள்விகளுக்குப் பழகிய கருவி சைடு ஸ்கேன் சோனார். படகுக்குப் பின்னால் கம்பியில் இழுபடும் குண்டு போன்ற ஒன்று, டோஃபிஷ் என்பார்கள். இரு பக்கமும் விசிறி போல ஒலியை வீசி, தரையிலிருந்து சிதறி வருவதை வரிவரியாகப் படமாக்கும்.

இதன் அழகான எடுத்துக்காட்டு நியூயார்க்குக்கு அப்பால் உள்ள ஹட்சன் கடலடிப் பள்ளத்தாக்கு. அதன் தலைப்பகுதியைச் சுற்றி ஏறக்குறைய 800 சதுர கிலோமீட்டர் தரை, உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. நீரோட்டம் செய்த வேலையாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். 1980களில் சைடு ஸ்கேன் படங்களையும், நீர்மூழ்கியில் இறங்கி நேரில் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வேறு கதை தெரிந்தது. டைல் மீன்கள் களிமண்ணில் புனல் புனலாகக் குழி தோண்டியிருந்தன; குழியின் மேல் விளிம்பில் நண்டுகளும் மற்ற ஓட்டுடலிகளும் தங்கள் சின்ன வளைகளைப் போட்டு அதை மேலும் அகலமாக்கியிருந்தன. தரையின் உருவத்தையே மீன் மாற்றியிருக்கிறது என்று 1985ல் எழுதினார்கள். இந்த மீன் 1879ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. மூன்றே ஆண்டில், 1882ல், கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. குளிர்நீர் உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று சொல்கிறார்கள். அப்புறம் மெல்ல மீண்டது.

அந்த வெற்றிக்குப் பாதிக் காரணம் குழியின் அளவு. உங்கள் உயிரிக்கு அது பொருந்துமா என்று இப்படிப் பாருங்கள். பக்கத்துக்கு 50 மீட்டர் தூரம் பார்ப்பதாக அமைத்தால், ஒலி போய்த் திரும்ப 100 மீட்டர்; நொடிக்கு 15 தடவைதான் கூப்பிட முடியும். படகு 4 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 2 மீட்டர் போனால், ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 13, 14 சென்டிமீட்டர் தாண்டிவிடுகிறோம். ஒரு பொருள் குறைந்தது மூன்று வரிகளிலாவது விழுந்தால்தான் அதை நம்பலாம். ஆக 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தது தப்பிவிடும். நார்வே சிங்கி இறாலின் வளை வாயைத் தனியாக எண்ண நினைத்தால் இந்த ஏற்பாட்டில் நடக்காது. டைல் மீனுக்குத் தாராளம்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள். டோஃபிஷின் உயரம், பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை இருக்கட்டும்; 50 மீட்டருக்கு 5 முதல் 10 மீட்டர். ஒரே இடத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையில் ஓட்டுங்கள். இழுவை வலை கீறிய தழும்பு ஒரு திசையில் குழி போலத் தெரிந்தாலும், மறுதிசையில் கோடு என்று காட்டிக்கொடுத்துவிடும். படகின் மற்ற எக்கோ சவுண்டர்களை (எதிரொலி வைத்து ஆழம் பார்க்கும் கருவிகளை) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் படம் முழுக்கப் புள்ளிக்கோலம்தான். காற்று எழுந்தால் திரும்பிவிடுங்கள். ஆடுகிற டோஃபிஷ் தரும் படத்தை வீட்டில் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

பெரிய கருவிக்குப் பணம் இல்லையா? தூண்டில்காரர்களுக்கு விற்கும் ஹம்மின்பேர்ட் போன்ற கருவிகளில் பக்கவாட்டுப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது, பதிவை மெமரி கார்டில் சேமிக்கலாம். அந்தப் பதிவைப் பிரித்து வரைபடமாக்க பிங்மேப்பர் என்ற இலவச மென்பொருள் உண்டு. முகத்துவாரத்திலும் ஆழமில்லாத இடத்திலும் பழகிக்கொள்ள இது ரொம்பவே போதும். அனுமதி வாங்குவதை மட்டும் மறக்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தக் கருவியையும் இறக்கக் கூடாது. ஓங்கில்கள் (டால்பின்கள்) 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் கேட்கும். பக்கத்தில் கூட்டம் வந்தால் சோனாரை நிறுத்துங்கள்.

படி 6: நிழலைப் படியுங்கள்

என் டயரை நான் முன்பே பிடித்திருக்கலாம். வழி இதுதான்.

ஒலி சாய்வாக வருகிறது, மாலை வெயில் போல. தரையில் ஒரு கல் நின்றால், ஒலி முதலில் கல்லின் முன்பக்கத்தில் பட்டுப் பலமாகத் திரும்பும். அதற்குப் பின்னால் நிழல். குழி என்றால் தலைகீழ். அருகில் உள்ள விளிம்பைத் தாண்டியதும் ஒலி குழிக்குள் இறங்காது, அங்கே நிழல். அப்புறம் எதிர்ச்சுவரில் பட்டு வெளிச்சம். ஆக, படகின் பக்கத்திலிருந்து விரலை வெளியே நகர்த்திக்கொண்டே போங்கள். வெளிச்சம், பிறகு நிழல்: மேடு. நிழல், பிறகு வெளிச்சம்: குழி. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல் என்று மாறி மாறி வந்தால் மேட்டு விளிம்புள்ள வட்டம். டயர் அப்படித்தான் இருந்தது. தோண்டிய மண்ணைச் சுற்றிக் குவித்த வளையும் அப்படி வரலாம் என்பதால் சந்தேகக் குறி போடுங்கள், அடிக்கோடு போடாதீர்கள். சில மென்பொருளில் நிழல் வெள்ளையாகவும் எதிரொலி கறுப்பாகவும் வரும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

நிழலின் நீளத்திலிருந்து ஆழமும் கிடைக்கும். டோஃபிஷ் தரையிலிருந்து 10 மீட்டர் உயரம், குழியின் அருகு விளிம்பு அதிலிருந்து தரைமட்டத்தில் 40 மீட்டர் தள்ளி, குழிக்குள் நிழல் 1 மீட்டர் நீளம் என்று வையுங்கள். உயரத்தை நிழல் நீளத்தால் பெருக்கித் தூரத்தால் வகுங்கள்: 10 பெருக்கல் 1, வகுத்தல் 40, கால் மீட்டர். நிழல் எதிர்ச்சுவர் வரை போயிருந்தால் ஒலி அடியைத் தொடவே இல்லை என்று பொருள். அப்போது ஆழம் கால் மீட்டருக்குக் குறையாது என்றுதான் எழுத வேண்டும். கால் மீட்டர் என்று எழுதக் கூடாது.

படி 7: ஓரிடத்தில் உட்கார்ந்து பார்ப்பது

‘எப்போது வேலை செய்கின்றன’ என்று கேட்டால் படகு உதவாது. ஒரு முக்காலியைத் தரையில் நட்டு, அதன் மேல் சோனாரைப் பொருத்தி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தனித்தனி வளை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு துண்டுத் தரைக்கும் அதன் எதிரொலி ஒரு கைரேகை. காலையில் எடுத்த கைரேகையையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று எண்ணால் அளக்கலாம்.

இது எவ்வளவு கூர்மையான முறை என்று பாருங்கள். 40 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 3.75 சென்டிமீட்டர். தரையில் ஒரு மண்கட்டி அதில் கால்வாசி, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக உயர்ந்தால், போகவர அரை அலைநீளம் மாறிவிடும். அலையின் மேடு பள்ளமாகிவிடும். ஒரு புழு ஒரு இரவில் கக்கும் மண் அதற்குப் போதும். படத்தில் அந்தப் புழுவைத் தேடினால் கிடைக்காது. ஆனால் ‘இந்தத் துண்டில் நேற்று இரவு யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவிடலாம்.

1999ல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் வால்டன் பீச்சுக்கு அப்பால், 18, 19 மீட்டர் ஆழ மணலில், சாக்ஸ்99 என்ற பெரிய ஒலிச்சோதனை நடந்தது. கண்ணிவெடி தேடும் வேலைக்காக, ஒலி மணலுக்குள் எப்படிப் போகிறது என்று அறிவதுதான் முதல் நோக்கம். ஆனால் உயிரினங்களைக் கணக்கில் சேர்க்காமல் முடியவில்லை. அலை போட்ட மணல் வரிகளை மீன்களும் அடிவாழ் உயிரிகளும் கொத்திக் கிளறி நாளாக ஆக மழுங்கடித்துக்கொண்டே இருந்தன. ஒலிக்காரர்களுக்கு அது இரைச்சல். நமக்கு அதுதான் செய்தி.

ஏமாற்றுபவை இரண்டு. முக்காலி மெதுவாகச் சேற்றில் இறங்கும். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் தரை முழுவதும் மாறிவிட்டதுபோல் தோன்றும். முதல் நாள் பதிவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சாய்வுமானி ஒன்றைப் பொருத்துங்கள். அடுத்தது வெப்பநிலை: 1 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர் மாறும். பக்கத்தில் ஒரு வெப்பமானி ஓடிக்கொண்டிருக்கட்டும். அசையாத ஒரு பொருளை, சிமென்ட் நிரப்பிய குழாய்த் துண்டு போன்ற ஒன்றை, பார்வைக்குள் நட்டுவையுங்கள். அதுவே மாறியதாகத் தெரிந்தால் கோளாறு உங்கள் பக்கம்.

படி 8: காதை மட்டும் கொடுப்பது

ஒலியை அனுப்பாமல் கேட்க மட்டும் செய்வது மலிவு, அனுமதியும் எளிது. ஹைட்ரோஃபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கி ஒன்று வேண்டும். ஹைட்ரோமோத் போன்ற சின்னப் பதிவுக் கருவிகள் இப்போது மாணவர்கள் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து அலைக்கற்றைப் படமாகப் பார்க்கலாம்.

வெப்பக் கடலில் முதலில் காதில் விழுவது, எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓயாத சடசடப்பு. சொடுக்கு இறால்கள். பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது தோன்றும் குமிழி நொறுங்குவதுதான் அந்தச் சத்தம். கொடுக்குகள் மோதுவதால் அல்ல என்று 2000ல் அதிவேகக் கேமரா வைத்துக் காட்டினார்கள். இவற்றில் சில இனங்கள் கோபி மீனோடு ஒரே வளையில் குடியிருக்கும். ஆனால் சடசடப்பு கேட்டதும் வளை என்று எழுதிவிடாதீர்கள். பவளப் பொந்திலும் கடற்பஞ்சிலும் வாழும் இனங்களும் இதே சத்தம்தான் போடுகின்றன.

வளைவாசி என்று உறுதியாகச் சொல்லத்தக்கது கலிபோர்னியா மான்டிஸ் இறால். வளை வாயில் இருந்துகொண்டு தாழ்ந்த குரலில் உறுமும். ஆய்வகத்தில் இதைப் பதிவு செய்து 2006ல் எழுதினார்கள். பின்னர் கேட்டலினா தீவருகே கடலிலேயே கேட்டார்கள். விடியலிலும் அந்தியிலும் அதிகம். இதைக் கேட்க ஒலிவாங்கியை வளைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், காரணம் உண்டு. ஆழமில்லாத நீரில் மிகத் தாழ்ந்த ஒலி தூரம் போகாது. ஒலியின் வேகத்தை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் தோராயமான எல்லை கிடைக்கும்: 5 மீட்டர் ஆழத்துக்கு 75 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழான உறுமல் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். படகிலிருந்து ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று முடிவுக்கு வருவது அதனால்தான் தவறு.

கேட்பதன் எல்லையில் இன்னொன்றும் இருக்கிறது. லக்வார்ம் தன் வளைக்குள் நீரை இறைக்கும்போது மண்ணின் ஈரத்தில் அழுத்தம் ஏறி இறங்கும். மண்ணுக்குள் புதைத்த அழுத்த உணர்விகள் அதைப் பிடிக்கும். எப்போது இறைக்கிறது, எப்போது தோண்டுகிறது என்று வடிவத்தை வைத்தே பிரிக்கலாம். காதுக்குக் கேட்காத இந்த மெதுவான துடிப்பைச் சத்தம் என்று சொல்லலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. நான் சொல்வேன்.

படி 9: கண்ணால் சரிபார்ப்பது

சோனார் காட்டிய புள்ளிகளில் சிலவற்றையும், ஒன்றும் காட்டாத இடங்களில் சிலவற்றையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்துக் கேமராவை இறக்குங்கள். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தவறவிட்டது எவ்வளவு என்பது அதில்தான் தெரியும். கேமராவில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளி இருந்தால் அளவு பிரச்சினை தீர்ந்தது.

எண்ணும்போது ஐரோப்பியர்கள் நார்வே சிங்கி இறாலில் கற்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா வைத்த சறுக்குவண்டியை இழுத்து அதன் வளைகளை எண்ணித்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஆலோசனை சொல்கிறார்கள். அவர்கள் ஓட்டைகளை எண்ணுவதில்லை. ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய் இருக்கும்; எந்த வாய்கள் ஒரே வளையைச் சேர்ந்தவை என்று பார்த்து, வளைக்கு ஒன்று என்று எண்ணுகிறார்கள். எண்ணுபவர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்றைக்கும் நம்பகமானது பழைய வழிதான்: வளைக்குள் ரெசின் ஊற்றி, இறுகியதும் தோண்டி எடுப்பது. அலையிறக்கத்தில் வெளியே தெரியும் சேற்றில் நீங்களே செய்யலாம். மண்ணைக் கழுவக் கழுவ ஒய் எழுத்து வடிவில் ஒரு சேற்று இறால் வீடு கையில் வரும்போது, திரையில் பார்த்த மங்கலுக்கு முதன்முறையாக உருவம் கிடைக்கும். உள்ளே இருக்கும் உயிரி செத்துவிடும் என்பதால் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். மண்ணைக் குழாயோடு எடுத்து மருத்துவ சிடி ஸ்கேனில் வைப்பதும் உண்டு; குழாயைச் சாய்க்காமல், மேலே நீர் ததும்பக் கொண்டுபோக வேண்டும். நீர் வடிந்து காற்று புகுந்துவிட்டால் உங்களிடம் இருப்பது வேறு மண்.

கடைசியாகக் கோப்புகள். மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள், படத்தை மட்டும் வைத்துக்கொள்வது போதாது. ஒவ்வொரு பதிவோடும் நேரம், இடம், டோஃபிஷ் உயரம், தூர அமைப்பு, நீரின் வெப்பம், கடலின் நிலை எழுதுங்கள். கேமரா படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சோனார் படத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, தாளை மடித்துக் கொடுத்துவிடட்டும். என் பழைய நோட்டில் அந்த டயர் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அடிக்கோட்டுக்கு மேல் சிவப்பு மையில் ‘வெளிச்சம் முதலில்’ என்று எழுதியிருக்கிறேன்.